இருபத்தாறரை இடுப்பு

பெல்ட் எட்டவில்லை. தையலம்மா வயிற்றை எக்கிப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், கார் இருக்கையில் சறுக்கிச் சாய்ந்தும் பார்த்தாள். கொக்கி ஒரு சாண் தள்ளியே நின்றது. வழக்கமாக இழுத்த இழுப்புக்கு வருகிற பெல்ட்தான். இப்போது வராததற்குக் காரணம் அதன்மேல் கவ்வியிருந்த ஒரு கறுப்பு கிளிப். அலுவலகங்களில் தாள்கட்டைக் கவ்வ வைப்பார்களே, அது. யாரோ ஒருத்தியின் இடுப்புக்குச் சரியாகப் பெல்ட்டை இழுத்து, அது தளராமல் இருக்க அந்த இடத்தில் கிளிப்பைப் போட்டிருக்கிறார்கள்.

'யாரோ ஒருத்தி' என்று நினைத்ததுமே அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

டேப் அவள் கழுத்தில்தான் கிடந்தது. குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவாள். எழுந்து நின்று, கொக்கியை மாட்டி, வெறும் இருக்கையின்மேல் பெல்ட் வளைந்த வளைவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்தாள். முதுகுப்பக்கத்துக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்பதை இருபத்தைந்து வருடத் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தது. எதிரே ஆள் நடந்து வந்தாலே கண்ணால் அளந்துவிடுகிறவள், இந்தக் கணக்கிலா தப்புவாள்?

இருபத்தாறரை அங்குலம். தையலம்மாவின் இடுப்பு முப்பத்தாறு.

அது போதாதென்று இருக்கையின் மடிப்பில் விரலை விட்டுத் துழாவியபோது சுருக்கென்று குத்தியது. வெள்ளை மணித்தலை வைத்த குண்டூசி. தையல் கடையில்தான் அந்த வகை புழங்கும். அவளிடம் துணி கொடுக்கிறவள் எவளோ, ஊசி எடுக்காத உடுப்போடு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறாள். தான் குத்திய ஊசி, தன் புருஷன் வண்டி, உட்கார்ந்து போகிறவள் இன்னொருத்தி. தையலம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இந்த வண்டி வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதன்மேல் நல்ல எண்ணம் கிடையாது. இரண்டே இருக்கை. மேலே கூரை என்று ஒரு துணி, அதையும் மடித்துப் பின்னால் திணித்துவிட்டால் மொட்டைத்தலை. பின்பக்கம் ஒரு காய்கறிப் பை வைக்க இடமில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்ட மனிதர், மகள் வேலை கிடைத்து வெளியூர் போன மூன்றாம் மாதம், நாடு விட்டுப் போகிற யாரிடமிருந்தோ அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு இருக்கை வண்டி வாங்குகிற ஆம்பளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை பேரைப் பற்றிப் பேசியிருக்கிறாள்!

வண்டியை நிறுத்த வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைக் காலி செய்தார்கள். உடைந்த கட்டில், துருப்பிடித்த மிஷின் மேசை, அவள் கடை ஆரம்பித்த காலத்தில் துணி போட்டுப் பார்த்த தையல் பொம்மை எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொன்னாள். கட்டிலும் மேசையும் போயின. "பொம்மை ஒரு ஓரமா இருக்கட்டும், அது என்ன சோறா கேக்குது?" என்று அதை மட்டும் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்துக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

"இன்ஜின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுத்து வரைக்கும் இது சும்மா கடைக்குப் போற வண்டி. அதுக்கு மேல போனாத்தான் இதுக்கு உசிரு வரும். ஒன்பதாயிரம் வரைக்கும் போகும், தெரியுமா?"

"என் மிஷின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் தையல் போடுது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரியறேன்?"

ஏழாயிரத்தில் அவர் கியரை மாற்றினார். அவள் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்து இடித்தது. அடுத்த கியருக்கும் அதே மாதிரி. அணைக்கட்டுக்கு மேலே போகும் வளைவுப் பாதையில் நாலாவது வளைவுக்குள் அவள் காலையில் குடித்த காப்பி வெளியே வந்துவிட்டது. கழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் பட்டை போட்டுக்கொண்டு தைத்தாள். அன்றைக்குச் சொன்னாள்:

"இது வண்டியா, மிக்சியா? இனிமே என் பொணம்கூட இதுல ஏறாது."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் தனியாகக் கிளம்பினார். இன்ஜின் சூடாகும்வரை வாசலில் பத்து நிமிடம் நிற்பார், ஒரு தடவைகூட உறுமவிட மாட்டார். குளிர்ந்த இன்ஜினை விரட்டினால் கெட்டுப்போகுமாம். கட்டினவள் கழுத்தை ஒடிக்கலாம், இன்ஜினுக்கு மட்டும் நோகக்கூடாது. மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறவர் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கும். போன வாரம் அவர் தோளில் ஊதா நூல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான், அவர் வேலைக்குப் போயிருந்த இந்தத் திங்கட்கிழமை, ஏறவே மாட்டேன் என்று சொன்ன வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கிளிப்பையும் ஊசியையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போய் அளவு நோட்டுகளை எடுத்தாள்.

ஊரில் மற்றப் பெண்கள் புருஷனைச் சந்தேகப்பட்டால் கைபேசியை நோண்டுவார்கள். தையலம்மாவிடம் நானூறு பெண்களின் அளவு இருந்தது. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் அவள் கையெழுத்தில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரட்டினாள். கடந்த ஐந்து வருடத்தில் இருபத்தாறரை இடுப்புக்காரிகள் மூன்றே பேர். ஒருத்தி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அவள் தோளுக்கு அந்த இருக்கை பத்தாது. இன்னொருத்தி ஆறு மாதத்துக்கு முன் வெளிநாடு போய்விட்டாள். மிஞ்சியவள் பல் டாக்டர்.

பல் டாக்டரின் ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்வது யார்? இவர்தான். இந்த இரண்டு மாதத்தில் எத்தனை தடவை அந்த லிஃப்ட் மக்கர் பண்ணியிருக்கிறது? எத்தனை தடவை "பல் டாக்டர் கட்டடத்துக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பியிருக்கிறார்? எண்ணிப் பார்த்தாள். ஐந்து தடவை.

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகக் கொக்கி போட்டாள்.

"அந்த லிஃப்ட் சரியாகிடுச்சா?"

"எங்க ஆச்சு? நிக்கறப்போ இன்னும் ஒரு உதறல் இருக்கு. காசை நிக்கவெச்சா மூணாவது மாடியில விழுந்துடுது."

அது அவர் தொழிலில் அவராகவே வைத்துக்கொண்ட பரீட்சை. லிஃப்ட்டின் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவைத்து, கீழிருந்து மேலே விடுவார். நாணயம் விழாமல் மேலே போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவார். அதற்கு முன்னால் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவார். மூட்டை போய் வராத லிஃப்ட்டில் ஆளை ஏற்ற மாட்டார். கம்பெனியில் எல்லோரும் கேலி செய்வார்கள். இவ்வளவு பார்க்கிற மனிதர் என் விஷயத்தில் மட்டும் இப்படிப் பண்ணுகிறாரே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

"டாக்டரம்மா நல்லா இருக்காங்களா?"

"அவங்களுக்கு என்ன? நல்லாத்தான் இருப்பாங்க. ரசம் ஊத்து."

முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கைதேர்ந்த கள்ளன் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை பல் டாக்டரே தைத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள். நாற்பது வயது, கலகலப்பானவள். அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள் தையலம்மா. சற்று இறுக்கியே பிடித்தாள்.

"அம்மா, மூச்சு முட்டுது!"

டேப்பைப் பார்த்தாள். இருபத்தொன்பது. மறுபடி அளந்தாள். அதே இருபத்தொன்பது.

"போன வருஷம் இருபத்தாறரை எழுதியிருக்கேன்" என்றாள் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

"அது போன வருஷம். இப்ப லிஃப்ட்ல போய் லிஃப்ட்ல வந்து இப்படி ஆயிட்டேன். அதனாலதான் ஞாயித்துக்கிழமை அணைக்கட்டுப் பக்கம் நடக்கப் போறேன்." டாக்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா, உங்க மேல எனக்குக் கோவம். போன ஞாயிறு அவ்வளவு தூரம் கைகாட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கலையே?"

"என்னையா?"

"பின்ன? அவர் வண்டி ஓட்டறாரு, நீங்க பக்கத்துல. ஊதா ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு எப்படி நேரா உக்காந்திருந்தீங்க! ராணி மாதிரி. பின்னாலருந்துதான் பாத்தேன். அந்தச் சத்தத்துல என் குரல் கேக்கலையோ என்னமோ. மூணாவது வளைவுல, தண்ணித் தொட்டிகிட்ட."

ஊதா ஸ்கார்ஃப் தையலம்மாவுடையது. அலமாரியைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. இரண்டு வாரமாக அதைக் காணவில்லை. எவளோ ஒருத்திக்கு இவள் ஸ்கார்ஃப்பைக் கட்டி, பார்ப்பவர்களுக்கு இவள்தான் என்று தோன்றும்படி கூட்டிக்கொண்டு போகிறார். என்ன மூளை! வாயிலிருந்த ஊசிகளை எடுத்துக் குத்தினாள். ஒன்று டாக்டர் மேலேயும் பட்டுவிட்டது.

அன்று மாலை மகள் கூப்பிட்டபோது சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.

"அப்பா எப்படி இருக்காரும்மா?"

"அவருக்கென்ன, ஒன்பதாயிரத்துல ஓடிக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். பெரிய சண்டை என்று ஒன்று கிடையாது. அவர் பேச்சே குறைவு. அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். பேசாத மனிதனிடம் எதுவும் இருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது. அவள் பயந்தது ஊர்ப் பேச்சுக்கு அல்ல. இவர் போய்விட்டால் அந்த வீட்டில் காலையில் யாருக்குக் காப்பி போடுவது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்தபோதுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து, "அவசரத் துணி, கொடுத்துட்டு வரேன்" என்று சொல்லி முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது, பிடித்த பிறகு அந்த இருபத்தாறரை இடுப்புக்காரியை ஒரு வார்த்தை கேட்பது, பிறகு மகளிடம் போய்விடுவது. பையில் ஒரு மாற்றுத்துணிகூட எடுத்து வைத்திருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒண்டி நின்றாள். அரை மணி நேரம் கழித்துக் கீழே எங்கோ அந்தச் சத்தம் கேட்டது. முதலில் முனகல். பிறகு ஏறி, இன்னும் ஏறி, இதற்குமேல் ஏற முடியாது என்று நினைக்கிற இடத்தையும் தாண்டி ஏறியது. கியர் மாறும் இடத்தில் அது அறுந்துவிடும் என்று காத்திருந்தாள். அறவில்லை. நூல் மாற்றியதே தெரியாத தையல் மாதிரி அடுத்த கியருக்குப் போனது. கோபத்திலும் அவள் காது அதைக் கவனித்தது. மிதிக்கத் தெரிந்த கால் எது என்று மோட்டார் மிஷின் ஓட்டுகிறவளுக்குத் தெரியும்.

வண்டி வளைவில் தெரிந்தது. கூரை இறக்கியிருந்தது. பக்கத்தில் ஊதா ஸ்கார்ஃப், அவளுடைய பழைய நீலக் கோட், நிமிர்ந்த முதுகு. சிறுக்கி என்ன ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறாள்! தையலம்மாவுக்குக் கண் இருட்டியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

டயர்கள் கிறீச்சிட்டன. வண்டி நாலடி தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்தவளுடைய தலை மட்டும் நிற்கவில்லை. அது கழுத்திலிருந்து கழன்று, கண்ணாடிக்கு மேலே பறந்து, சாலையில் ஒரு குதி குதித்து, உருண்டு வந்து தையலம்மாவின் காலில் முட்டி நின்றது.

அவள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் எழுந்தன. அப்புறம் குனிந்து பார்த்தாள். ஊதா ஸ்கார்ஃப் சுற்றிய பந்து. மகள் சின்ன வயதில் விளையாடிய பந்து.

"அடிபட்டுச்சா? உனக்கு ஒண்ணும் ஆகலையே?" அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "பைத்தியமா நீ? இப்படியா குறுக்க வருவே?"

அவள் அவரைத் தள்ளிவிட்டு வண்டியருகே போனாள். இருக்கையில் தலையில்லாமல் உட்கார்ந்திருந்தது ஷெட்டில் கிடந்த தையல் பொம்மை. நீலக் கோட்டின் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கறுப்பு கிளிப். டேஷ்போர்டுக்கு அடியில் காற்றுப் படாத இடத்தில் ஓர் இரும்பு வளையம், அதன் நடுவே நூலில் தொங்கும் ஒரு தையல் மிஷின் பாபின்.

"என்னங்க இது?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் தலையைச் சொறிந்தார். "நீ கழுத்துப் பிடிச்சுப் பட்டை போட்டுக்கிட்டே இல்ல? தப்பு வண்டி மேல இல்ல, என் கால் மேலதான். கியர் மாத்தற நேரத்துல சுத்து ஒத்துப் போகணும், எனக்கு அது வரல. வராம உன்னை எப்படி மறுபடி ஏத்தறது? அதான், முதல்ல மூட்டை..."

"நான் மூட்டையா?"

"மூட்டை உருண்டுச்சு. அதனால இவளைச் சாக்கு மூடிக் கொண்டாந்து, ஊர் தாண்டினதும் உக்கார வெச்சேன். தலை இல்லாம கூட்டிட்டுப் போனா ரோட்ல எல்லாரும் பயந்தாங்க, அதான் பந்து. தலை ஆடுதான்னும் தெரியுமே. பாபின் வளையத்துல பட்டா 'டிங்'குன்னு கேக்கும். முதல்ல ஒரு தடவை ஏறி இறங்கறதுக்குள்ள நாப்பது டிங். இப்ப ரெண்டு, மூணு. ஒண்ணும் இல்லாம வந்துட்டா உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "பொணம்கூட ஏறாதுன்னு சொல்லிட்டியே. வாயால கூப்பிட்டா நீ வருவியா?"

அவள் கோட்டைத் திறந்து பொம்மையின் இடுப்பைத் தொட்டாள். வெள்ளை மணித்தலை ஊசிகள் இரண்டு இன்னும் அதில் குத்தியிருந்தன. பஞ்சு வைத்து, துணி சுற்றித் தன் கையாலேயே தைத்தது. கடை ஆரம்பித்த வருடம், அளவெடுக்க வேறு ஆள் இல்லாமல் தன்னையே அளந்து நிரப்பியது. ஐந்து வருட நோட்டுகளைப் புரட்டினவள், முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டவில்லை. இருபத்துநாலு வயது, இடுப்பு இருபத்தாறரை.

நிம்மதி வந்த அதே வேகத்தில் இன்னொரு வலியும் வந்தது.

"இவ என் அளவு இல்ல. நான் இப்போ முப்பத்தாறு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அவர் உண்மையாகவே குழம்பிப்போய்ப் பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியா? உன் அளவுன்னுதானே எடுத்துட்டு வந்தேன். நான் என்ன டேப்பு வெச்சா பாக்கறேன்?"

எதிரே வருகிற ஒவ்வொருத்தியையும் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறவளை, அளக்காமலே இத்தனை வருடம் ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இவளை இறக்குங்க. நான் உக்காரணும்."

அவர் பெல்ட்டில் கை வைத்தார், பிறகு தயங்கினார். "ரெண்டு இடம்தானே இருக்கு. பின்னால வைக்கவும் முடியாது, கூரை கிடக்கு. இங்கயே ரோட்டுல விட்டுட்டா போறது?"

"ஏன், விட மனசு வரலையா?"

"ரெண்டு மாசமா கூட வந்தவ" என்றார் அப்பாவியாக.

முறைத்துப் பார்த்தாள். ஆனால் அவளுக்கும் தன்னையே சாலையில் விட்டுப் போக மனம் வரவில்லை. உட்கார்ந்து, பொம்மையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் கிளிப்பைக் கழற்றி எறிந்தார். பெல்ட் இரண்டு பேரையும் சுற்றி வந்து கொக்கியில் விழுந்தது.

"பரீட்சை முடியலையே. இன்னும் ரெண்டு மூணு டிங் வருது" என்றார் இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே. "பயமா இருந்தா சொல்லு."

"ஓட்டுங்க."

ஆறாயிரம் தாண்டியதும் அந்தச் சத்தம் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. காற்று முகத்தை அறைந்தது. முதல் கியர் மாறியது, தலை ஆடவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது வளைவுக்கு முன்னால் அவர் காலில் ஒரு சின்னத் தடுமாற்றம்; அவர் செய்வதற்கு ஒரு நொடி முன்பே தையலம்மாவின் காலுக்கு அது தெரிந்துவிட்டது. கை நீட்டி வளையத்துக்குள்ளிருந்த பாபினை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். வண்டி உதறியது. கழுத்து முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். 'டிங்' சத்தம் வரவில்லை.

"ஆடிச்சா?" என்று கத்தினார்.

"இல்லையே!" என்று அவளும் கத்தினாள்.